அத்தாவின் ஆந்தைக் காசு: வெட்டுத் தழும்பை நம்பலாமா?

சேஞ்ச் அலி மகன் (பிடோக்)

வணக்கம். ஒரு நாணயத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தா, சிங்கப்பூரின் பழைய சேஞ்ச் அலி சந்து 1989இல் மூடப்படும்வரை அங்கே நாணய மாற்று வணிகராக இருந்தார். ஓர் ஆள் உட்காரும் இடம், ஒரு மேசை, ஒரு கணக்கு நோட்டு, பூட்டுப் போட்ட இழுப்பறை. அவ்வளவுதான் கடை. கிளிஃபர்ட் பியரில் இறங்கி வருகிற கப்பல்காரர்கள் எந்த நாட்டுப் பணத்தை நீட்டினாலும் வாங்கிப் பார்ப்பார். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும் என்பார். கள்ள நோட்டில் அவர் ஏமாந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன வருடம் காலமானார். அவருடைய அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னை இந்த மாதம்தான் திறந்தோம். பிரிட்டிஷ் காலத்து நீரிணைக் குடியேற்றக் காசுகள் சில, ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு ஒரு கட்டு, அடியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றிய கனமான ஒரு வெள்ளிக் காசு. கூடவே அத்தாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: “கிரேக்கம். கப்பல்காரர். 40 வெள்ளி. 1974.” (வெள்ளி என்று அவர் எழுதியது டாலரை.)

ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண் தெய்வம். கவசத்தில் மூன்று இலைகள். முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் மட்டும் நேராக நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. மறுபக்கம் ஆந்தை, அதன் முதுகுப் பக்கம் ஒரு ஒலிவக் கிளை, சின்னப் பிறை, எதிர்ப்பக்கம் மூன்று கிரேக்க எழுத்துகள். குறுக்களவு 23.5 மில்லிமீட்டர். நண்பரின் நகைத் தராசில் 16.08 கிராம்.

ஆந்தையின் மார்பில் உளியால் வெட்டியதுபோல் ஆழமான ஒரு தழும்பு இருக்கிறது. அந்தக் காலத்து வணிகர்கள் உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க இப்படி வெட்டுவார்கள், ஆகவே இது உண்மையான பழங்காசுதான் என்று அண்ணன் அடித்துச் சொல்கிறார். படத்தைப் பார்த்த ஒருவர் 600 வெள்ளிக்குக் கேட்டார். உம்மா விற்கக் கூடாது என்கிறார். எனக்கும் விற்கும் எண்ணம் இல்லை. அத்தா இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈசூன் வாசி

காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் போலி. பிறகு தரை ஓட்டில் போட்டு ஓசையைக் கேளுங்கள், வெள்ளி என்றால் மணிபோல் ஒலிக்கும். கறுப்பாக இருந்தால் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டுப் படம் எடுங்கள், எழுத்து தெளிவாகத் தெரியும்.

பட்டறைக்காரர் (தேக்கா)

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன்: தயவுசெய்து அந்தக் காசைத் தேய்க்காதீர்கள். புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், பற்பசை வேண்டாம். தரையில் போடவும் வேண்டாம். இரண்டாயிரத்து நானூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த வெள்ளி, உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கலாம். பார்க்க முழுதாக இருக்கும், கீழே விழுந்தால் பிஸ்கட்போல் இரண்டாக உடையும். அப்படிப்பட்ட நல்ல காசு மணிபோல் ஒலிக்காது, மந்தமாகத்தான் ஒலிக்கும். ஓசையை வைத்து நல்லதைத் தள்ளிவிட்டு, புதிதாகச் செய்த போலியைக் கொண்டாடியவர்கள் இருக்கிறார்கள். காந்தத்தில் ஒட்டாது என்பதற்கு இரும்பு இல்லை என்று மட்டும்தான் பொருள். ஈயமும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது.

நான் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் 41 வருடம் பத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்திற்கு முன் ஒருவர் அலெக்சாண்டர் காலத்து வெள்ளிக்காசு ஒன்றைக் கொண்டுவந்து, கொக்கி பற்றவைத்துப் பதக்கமாக்கித் தரச் சொன்னார். சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்லீஸ் தலை. அன்று இரவு கண்ணாடியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே இருந்தேன். மறுநாள், நெருப்புக் காட்ட எனக்கு மனம் வரவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

உங்கள் காசில் இருப்பவள் அத்தீனா. மூன்று எழுத்துகள் ஆல்பா, தீட்டா, எப்சிலன். அத்தென்ஸ் நகரத்தின் பெயரின் தொடக்கம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், லாரியோன் சுரங்க வெள்ளியில் ஏராளமாக அடித்த நான்கு திராக்மா காசு. அளவில்லாமல் அடித்ததால் இன்றும் நிறையக் கிடைக்கிறது. அதே காரணத்தால் போலியும் நிறைய.

உங்கள் எடைதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு திராக்மா 4.3 கிராம், நான்குக்கு 17.2. அத்தென்ஸ்காரர்கள் எடையில் கறாரானவர்கள். தேய்ந்து போனாலும் பதினேழை ஒட்டித்தான் பெரும்பாலும் நிற்கும். மண் அரித்த காசு இன்னும் இறங்கலாம், ஆனால் அரித்ததற்கான அடையாளம் மேலேயே தெரிய வேண்டும். வழவழப்பாக இருந்துகொண்டு 16.08 என்றால் காரணம் கேட்க வேண்டும். ஒரு கிராம் எங்கே போயிற்று?

ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம், காசுக்குக் கேடு இல்லை. தராசின் மேல் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு காட்டும் எண்ணால் 16.08ஐ வகுத்தால் அடர்த்தி வரும். தூய வெள்ளி 10.49, செம்பு 8.96. ஒன்பதை ஒட்டி வந்தால் செம்புக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்திய காசு. அதுவும் பழங்காலத்துப் போலியாகவே இருக்கலாம். கி.மு. 406இல் போரில் கையிருப்பு தீர்ந்தபோது அத்தென்ஸ் அரசே அப்படி வெள்ளி பூசிய செம்புக்காசு வெளியிட்டது.

வெட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். அதைத் தனியாகப் படம் எடுங்கள். விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து எடுங்கள்.

சேஞ்ச் அலி மகன் (பிடோக்)

ஐயா, மிக்க நன்றி. நல்லவேளை, தேய்க்கவில்லை.

மூன்று முறை செய்து பார்த்தேன். தண்ணீருக்குள் இறக்கும்போது தராசு 1.56 காட்டுகிறது. வகுத்தால் 10.31. அப்படியென்றால் வெள்ளிதானே? அண்ணனுக்குச் சொன்னேன், ஆடு அறுத்து விருந்து வைக்கலாம் என்கிறார்.

படம் இன்று இரவு போடுகிறேன்.

உலோகம் படித்தவள் (புக்கிட் பாத்தோக்)

விருந்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். 10.31 என்றால் பெரும்பகுதி வெள்ளி என்பது வரைதான் சொல்லலாம். எந்தக் காலத்து வெள்ளி என்று அடர்த்திக்குத் தெரியாது. ஈயமும் செம்பும் அளவாகக் கலந்தாலே அந்த எண்ணைக் கொண்டுவந்துவிடலாம்.

சில நகைக்கடைகளிலும் அடகுக்கடைகளிலும் ஊடுகதிர் வைத்து உலோகத்தின் கலவையைச் சொல்லும் இயந்திரம் இருக்கிறது. காசை உரசவோ கரைக்கவோ வேண்டியதில்லை. அது மேல் தோலை மட்டும்தான் படிக்கும், அதனால் பூசிய காசில் ஏமாற்றும். ஆனால் உங்களிடம் அடர்த்தி எண்ணும் இருக்கிறது, ஆழமான வெட்டும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். முகத்தில் ஓரிடம், வெட்டுக்குள் ஓரிடம் என்று இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள்.

அத்தென்ஸ் வெள்ளி, ஈயக் கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஈயத்தின் சுவடு கொஞ்சம் தங்கியிருக்கும். செம்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். துத்தநாகமோ காட்மியமோ தெரிந்தால் இந்தக் காலத்துப் பட்டறை என்று சந்தேகப்படலாம்.

சேஞ்ச் அலி மகன் (பிடோக்)

படங்கள் நான்கு போட்டிருக்கிறேன். மூன்றாவதும் நான்காவதும் வெட்டு.

தெரிந்தவர் கடையில் இயந்திரத்தில் வைத்தோம். முகத்தில் வெள்ளி 92.6, செம்பு 7.3. வெட்டுக்குள்ளும் கிட்டத்தட்ட அதேதான். ஈயம் காட்டவில்லை. எண்களைப் பார்த்ததும் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதன் பொருள் எனக்குப் பாதி புரிகிறது. ஆனாலும் உங்கள் வாயால் கேட்க வேண்டும், ஐயா.

பட்டறைக்காரர் (தேக்கா)

தம்பி, உங்கள் படங்களைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 92.5 பங்கு வெள்ளி, 7.5 பங்கு செம்பு என்பது ஸ்டெர்லிங். நான் 41 வருடம் மூசையில் உருக்கிய அதே கலவை. அத்தென்ஸ் வெள்ளியில் ஏழு பங்கு செம்பு இருக்காது. ஆனால் இயந்திரம் சொன்னதால் மட்டும் நான் முடிவுக்கு வரவில்லை. வெட்டே சொல்லிவிட்டது.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உளி வெள்ளியில் இறங்கினால் என்ன நடக்கும்? உலோகம் இரண்டு பக்கமும் பிதுங்கும். பள்ளத்தின் சுவர் கத்திபோல் நேராக இறங்கும். சுவரில் உளியின் முனை இழுத்துப்போன கோடுகள் மேலிருந்து கீழாக ஓடும். அடியில் ஒரு கூரான மடிப்பு இருக்கும். வெட்டு, காசு புழங்கிய பிறகு விழுந்தது. ஆகவே வெட்டுக்குள் இருக்கும் தோல் வேறு, முகத்தில் இருக்கும் தோல் வேறு.

உங்கள் காசில் வெட்டின் விளிம்பு, வெயிலில் வைத்த சவர்க்காரம்போல் உருண்டிருக்கிறது. சுவரில் கோடே இல்லை. அடிப்பகுதி கூராக இல்லாமல் குழிந்து கிடக்கிறது, அங்கே மணல்மணலாக ஒரு சொரசொரப்பு. அதே சொரசொரப்பு அத்தீனாவின் கன்னத்திலும் இருக்கிறது, ஆந்தையின் கால்களுக்கு நடுவிலும் இருக்கிறது. வெட்டும் முகமும் ஒரே நேரத்தில் பிறந்தவை. அந்த வெட்டை யாரும் இந்தக் காசில் வெட்டவில்லை. வெட்டு விழுந்த உண்மையான காசு ஒன்றிலிருந்து அச்சு எடுத்து, வெட்டோடு சேர்த்து வார்த்திருக்கிறார்கள்.

எப்சிலனின் கோடுகளுக்கு நடுவில் பாருங்கள், கடுகைவிடச் சிறிய ஒரு மணி புடைத்துக்கொண்டு நிற்கிறது. அச்சில் காற்றுக்குமிழி இருந்த இடத்தில் வெள்ளி போய் நிறைந்ததால் வந்த மணி. உண்மையான காசை எப்படி அடித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அத்தீனா முகம் வெட்டிய அச்சு கீழே பட்டடையில் பதிந்திருக்கும். மேலே சூடான வில்லை, அதன் மேல் ஆந்தை அச்சு, அதன் தலையில் சம்மட்டி அடி. உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்து, எழுத்தின் சுவர் செங்குத்தாக எழும்பும். ஓரம் தாங்காமல் ஆங்காங்கே வெடிக்கும். அந்த வேகம் காசில் மெல்லிய கோடுகளாக உறைந்து நிற்கும். வார்த்த காசில் அந்த வேகம் இல்லை. உலோகம் பாயவில்லை, ஊற்றப்பட்டது. உங்கள் நான்காவது படத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரே சீராக அரம் போட்ட தடம். வார்ப்பின் பிசிறை ராவிய இடம் அது. அதே தடத்தை நானே எத்தனையோ மோதிரங்களில் போட்டிருக்கிறேன்.

காணாமல்போன ஒரு கிராமும் கிடைத்துவிட்டது. உருகிய வெள்ளி ஆறும்போது சுருங்கும். ஆகவே நகல் எப்போதும் மூலத்தைவிட ஒரு துளி சிறியது. அத்துடன் ஸ்டெர்லிங் கொஞ்சம் இலேசு.

வெட்டு இருந்தால் நல்ல காசு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அண்ணன் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. எகிப்திலும் மேற்காசியாவிலும் வெள்ளியை எடைபோட்டே வாங்கினார்கள். அங்கே போன ஆந்தைக் காசுகளை உளியால் வெட்டிப் பார்த்தது உண்மை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலையின் மேல் வெட்டு இருக்கிறது. அது சோதனைக்காக இல்லை, மறுபடி புழங்காமலிருக்கச் செய்தது என்பது அறிஞர்களின் கருத்து. வெட்டு என்பது ஒரு செய்தி. அதைப் படிக்க வேண்டும், பார்த்தவுடன் நம்பக் கூடாது. போலி செய்கிறவனுக்கும் வாங்குகிறவர் எதை நம்புவார் என்று தெரியும். இருநூறு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் பெக்கர் என்பவர், தாம் செய்த காசுகளை இரும்புத் துகளும் கொழுப்பும் போட்ட பெட்டியில் அடைத்துக் குதிரைவண்டியில் கட்டிக் குலுக்கியே பழையதாக்கினார்.

இதை எழுதும்போது எனக்கு உங்கள் அத்தாவின் நினைவுதான். கி.மு. 375இல் அத்தென்ஸில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தக் கல்வெட்டு 1970இல் கிடைத்தது. சந்தையில் காசு சோதிப்பவர் ஒருவர் உட்கார வேண்டும். எங்கே தெரியுமா? நாணய மாற்று மேசைகளுக்கு நடுவில். செம்போ ஈயமோ உள்ளே இருந்தால், அல்லது போலி என்றால், அந்தக் காசை அங்கேயே குறுக்காக வெட்டித் ‘தேவர்களின் தாய்’ என்ற தெய்வத்துக்கு உரியதாக்கிவிட வேண்டும். மறுபடி சந்தைக்கு வரக் கூடாது. சோதிப்பவர் கடமை தவறினால் அவருக்கு ஐம்பது கசையடி. நம் தமிழிலும் அந்த வேலைக்கு வண்ணக்கன் என்று பெயர் உண்டு. சங்கப் புலவர்கள் சிலர் பெயரிலேயே அது இருக்கிறது. உங்கள் அத்தா செய்ததும் அந்த வேலைதான்.

அவர் இதில் ஏமாந்துவிட்டாரே என்று வருந்த வேண்டாம். வெள்ளி உண்மையான வெள்ளி. விரலுக்கு அதுதான் தெரியும், விரல் பொய் சொல்லவில்லை. வார்ப்பைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும், பக்கத்தில் வைத்து ஒப்பிட நல்ல காசு ஒன்றும் வேண்டும். சேஞ்ச் அலி மேசையில் அவருக்கு அவை எப்படிக் கிடைக்கும்?

அந்த 600 வெள்ளிக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் இதை நல்ல காசு என்று இன்னொருவரிடம் விற்பார்.

சேஞ்ச் அலி மகன் (பிடோக்)

ஐயா, உங்கள் பதிலை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வண்ணக்கன் என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார்.

உம்மா ஒரு விஷயம் சொன்னார். 1974இல் கடையில் ஒரு நாள் வரும்படி நாற்பது வெள்ளி வந்தாலே பெரிது. அந்தக் கப்பல்காரர் ஊருக்குத் தந்தி கொடுக்கப் பணம் இல்லாமல் நின்றாராம். அவருக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்திருந்ததாம். காசைத் திருப்பி வாங்க வருவார் என்றுதான் அத்தா எடுத்து வைத்தாராம். வரவில்லை.

600 வெள்ளிக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். காசை வெட்ட எனக்கு மனம் இல்லை. அதற்குப் பதிலாகப் புதுச் சீட்டு ஒன்று எழுதி அத்தாவின் சீட்டோடு சேர்த்து வைத்துவிட்டேன்: “வார்ப்பு நகல். ஸ்டெர்லிங். 16.08 கிராம். விற்கக் கூடாது.” நாளைக்கு என் பிள்ளைகள் டின்னைத் திறந்தாலும் குழப்பம் வராது.

உலோகம் படித்தவள் (புக்கிட் பாத்தோக்)

படங்களை இங்கிருந்து நீக்கிவிடாதீர்கள். அச்சு ஒன்று என்றால் அதிலிருந்து ஒரு காசு மட்டும் வந்திருக்காது.

பினாங்குக்காரர்

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். என் பெரியப்பா 1970களில் பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் சாமான் விற்பவராக இருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்த ஆந்தைக் காசு ஒன்று இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன். ஆந்தையின் மார்பில் வெட்டு, இடது தோளிலிருந்து சாய்வாக இறங்குகிறது. வெட்டின் கீழ் முனையில் உளி வழுக்கியதுபோல் ஒரு சிறு கீறல், உங்கள் மூன்றாவது படத்திலும் அதே இடத்தில் அதே கீறல். எப்சிலனில் மட்டும் மணி இல்லை.

பட்டறைக்காரர் (தேக்கா)

உளி ஒரே இடத்தில் ஒரே சாய்வில் விழுந்து, ஒரே மாதிரி வழுக்குவது இரண்டு காசுகளில் நடக்காது. மணி இல்லாததும் பொருந்துகிறது, குமிழி ஒவ்வொரு வார்ப்பிலும் வேறு இடத்தில் நிற்கும். எடை பார்த்தீர்களா?

பினாங்குக்காரர்

இப்போதுதான் பார்த்தேன். 15.97.